போகிறவருக்குத்தான் தலை

ஒரு மீன் தலை கிடைக்காத கோபத்தில் ஒரு மனிதனின் வேலையைக் கெடுத்தவன் நான். இதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல முடியுமா என்று பல ஆண்டுகள் யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை.

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாளர் அலுவலராக இருந்தேன். பொருளாதாரத்தில் முதுகலை. தொழிலாளர் கேம்ப்பில் இருந்த நானூறு பேருக்கும் நான் 'சார்'. வெள்ளிக்கிழமை மதியம் ரோலாவில் செய்யது பாய் கடையில் சாப்பாடு. பாய் கீழக்கரைக்காரர். அவர்கள் பேச்சில் மீன் குழம்புக்கு 'மீன் ஆணம்' என்று பெயர். வாரம் ஒரு பெரிய ஹமூர் மீன் வாங்குவார். ஒரு மீனுக்கு ஒரு தலை. அந்தத் தலை என் தட்டுக்கு வரும். அது என் பதவிக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அந்த ஆணத்தை வைத்தவர் கருப்பையா. முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் கம்பெனியிலேயே கம்பி கட்டுகிறவர். வெள்ளிக்கிழமை விடுமுறையில் மட்டும் பாய் கடை அடுப்படியில் நிற்பார். விசா கொடுத்த கஃபீலைத் தவிர வேறு எவரிடமும் வேலை பார்ப்பது அங்கே குற்றம். இது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். தலை என் தட்டுக்கு வந்துகொண்டிருந்தவரை சட்டம் என் நினைவுக்கு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அபுதாபியிலிருந்து வந்த என் மைத்துனனை அங்கே அழைத்துப் போனேன். வழியெல்லாம் தலையைப் பற்றியே பேச்சு. கடையில் கருப்பையா தட்டை ஏந்தி வந்தார். எங்கள் மேசையைக் கடந்து போய், நகக்கண்ணெல்லாம் சிமெண்ட் படிந்த ஒரு ஆளின் முன்னால் வைத்தார். "இன்னைக்கு அவருக்கு சார். உங்களுக்கு நடுத்துண்டு நல்லா இருக்கு" என்றார். மைத்துனன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான்.

மறுநாள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி அதிகாரிகள் வந்தார்கள். கையில் அகப்பையோடு கருப்பையா பிடிபட்டார். கடைக்கு ஒரு மாதம் பூட்டு. கருப்பையாவின் விசா கேன்சல். அமீரகத்துக்குள் இனி வர முடியாது என்று தடையும் விழுந்தது. கேன்சல் காகிதத்தில் கையெழுத்து வாங்குவது என் அலுவலக வேலை. வாங்கினேன். "இப்படிச் செய்யலாமா கருப்பையா?" என்று கண்டிக்கவும் செய்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

பதினாறு வருடம் ஆகிறது. பணி ஓய்வு பெற்று திருச்சி வந்தே பதினொன்று முடிந்துவிட்டது. இந்த மாசி மாதம் மகள் சுமதி கூப்பிட்டாள். ஷார்ஜாவில் அல் நஹ்தாவில் வீடு. மாப்பிள்ளை கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் நான்கு வாரம் டூட்டி, துணைக்கு நான். இரண்டு வாரம் தங்கினேன். உண்மையில் அவள்தான் எனக்குத் துணை இருந்தாள்.

வந்த மறுநாள், "உங்க பழைய ஹோட்டல் எல்லாம் ஒரு ரவுண்ட் போகலாம்பா" என்றாள். காரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கைபேசியில் தட்டிப் பார்த்து, "நாலு புள்ளி ஒண்ணுதான்பா. வேற சொல்லுங்க" என்பாள். இருபது வருடம் நான் ருசித்துச் சாப்பிட்ட இடங்களுக்கு யாரோ நட்சத்திரம் போட்டுவைத்திருந்தார்கள். என் காலத்தில் ஒரு ஹோட்டலைப் பிடிக்காவிட்டால் போவதை நிறுத்துவோம். நான் அதற்கு மேலும் செய்தேன் என்பது வேறு விஷயம்.

முதல் மூன்று நாட்கள் நன்றாகச் சாப்பிட்டேன். மலையாளத்து டீக்கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள். பெஷாவர்க்காரரின் எலும்புக்கறிக் கடை, நிஹாரிக் கடை, அப்படியே இருக்கிறது. ஆனால் உணவுப் பட்டியல் இல்லை. மேசையில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டத்தைப் படம் பிடித்தால் பட்டியல் வருமாம். என் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றியதைப் பார்த்த கிழவர் உருதுவில் சொன்னார்: "விடுங்கள் ஹாஜி சாஹிப், எங்களிடம் இருப்பதே மூன்று பதார்த்தம். நான் வாயாலேயே சொல்கிறேன்." நான் ஹாஜி இல்லை என்று விளக்கவில்லை. எலும்புக்குள் இருந்ததை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

இரானி ரொட்டிக் கடையில் ரொட்டி இன்னும் ஜன்னல் வழியாகத்தான் வருகிறது, பழைய அகலத்தில். திருச்சியில் நான் வழக்கமாகப் போகும் ஓட்டலில் தோசை வருடத்துக்கு ஒரு விரற்கடை சுருங்குகிறது. இதைச் சுமதியிடம் சொன்னதற்கு, "அப்பா, எல்லாத்தையும் அளந்துக்கிட்டே இருக்காதீங்க" என்றாள்.

"செய்யது பாய் கடைன்னு சொல்வீங்களே, மீன் தலை. அங்க போகலையா?"

"அங்கே நெரிசலா இருக்கும்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்குத் தலைவலி. தனியாகக் கிளம்பினேன். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சட்டையை இஸ்திரி போட்டேன். ரோலாவுக்கு பஸ் ஏறினேன். ஒருவேளை என் கால்களே சதி செய்தனவோ என்னவோ, ஏறியது அஜ்மான் பஸ். கடல் தெரிந்த பிறகுதான் உறைத்தது. ஓட்டுநர் வங்காளி. இந்தியில் சொன்னார்: "ரோலா கலாஸ் பாபா, பின்னாலேயே போய்விட்டது. நீங்கள் தூங்கினீர்களா?" தூங்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன் என்றேன். "பஸ்ஸில் யோசிக்காதீர்கள். அறையில் யோசியுங்கள்" என்றார். திரும்பி வந்து ரோலாவில் இறங்கி, நடுவில் வேலி போட்ட சாலையைக் கடக்க வழி தெரியாமல் அரை மணி நேரம் எதிர்ப்பக்கம் நின்று பாய் கடையின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜும்மா முடிந்து கூட்டம் வெளியே வந்தது. கூட்டத்தோடு சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

பாய் முழுக்க நரைத்திருந்தார். கல்லாவிலிருந்து எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அடடா, வாங்க சார்! மவுத்தாப் போறதுக்குள்ள ஒருக்கா பார்ப்போமான்னு நெனச்சேன்."

"யார் மவுத்தாப் போறதுக்குள்ள பாய்?"

"ரெண்டு பேர்ல யாராச்சும்" என்று சிரித்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "பஹதூர் பாய்! தலை சாருக்கு!"

இப்போது ஆணம் வைப்பவர் நேபாளத்துக்காரர். பாய் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாராம். தலை வந்தது. கண்ணுக்குக் கீழிருக்கும் கன்னச் சதையைத் தோண்டி வாயில் வைத்துக்கொண்டு, கருப்பையா இப்போது எங்கே என்று கேட்டேன். கேட்ட தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தலை கொடுத்த தைரியமாக இருக்கும்.

"அவரா? ரெண்டு வருஷம் ஊர்ல சும்மா கெடந்தாரு. கட்டுன வீடு கூரை இல்லாம நின்னுச்சு. அப்புறம் சவுதி. இப்ப ஜித்தாவுல ஷரஃபியாவுல ஒரு ஹோட்டல்ல பெரிய மாஸ்டரு. பெருநாளைக்குப் போன் பண்ணுவாரு. அல்லாஹ் அவரைக் கைவிடல. ஆனா என் மச்சினனை நான் விட்டுட்டேன் சார்."

"முஸ்தபாவையா?"

"வேற யாரு போட்டுக்குடுத்தது?"

முஸ்தபா பாயின் மனைவியின் தம்பி. அதே தெருவில் நாலு கடை தள்ளி கஃப்டீரியா வைத்திருப்பவர். அந்தச் சோதனை நடந்ததற்கு முந்தின வாரம் பாயோடு சண்டை போட்டிருக்கிறார். கருப்பையாவை ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி தன் கடைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். பாய் மறுத்திருக்கிறார். "எனக்கில்லாத மாஸ்டரு ஒங்களுக்கும் இல்லாமப் பண்றேன் பாருங்க மச்சான்" என்று தெரு கேட்கக் கத்தியிருக்கிறார். எட்டாம் நாள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். அதன் பிறகு பேச்சு இல்லை.

நான் இங்கே வேலை பார்த்த கடைசி ஐந்து வருடமும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்திருந்தேன். ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் காரணம் தெரிந்துவிடும் அல்லவா?

"நோன்புப் பெருநாள் கழிஞ்சு என் மவளுக்கு நிக்காஹ்" என்றார் பாய். "தாய்மாமனைக் கூப்பிடாம கல்யாணமான்னு வூட்ல ஒரே அழுகை. நான் சொல்லிட்டேன், அவன் வந்தா நான் வரமாட்டேன்னு."

இதைக் கேட்ட பிறகாவது கையைக் கழுவியிருக்க வேண்டும். வெட்கத்தோடு எழுதுகிறேன்: முழுத் தலையையும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. கடைசியில், "அன்னைக்கு ஒருநாள் எனக்குத் தராம வேற ஒருத்தருக்குக் குடுத்தீங்களே பாய், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன், சும்மா கேட்பதுபோல.

 "போற ஆளுக்காக இருக்கும் சார். முடிச்சுட்டு ஒரேயடியா ஊருக்குப் போறவகளுக்குத்தான் தலை. அது கருப்பையா வச்ச வழக்கம். யாரும் போகாத வாரம் உங்களுக்கு எடுத்து வைப்போம். நீங்க ரிட்டயராகிப் போன அன்னைக்கும் வச்சோமே?"

வைத்தார்கள். அதையும் பதவிக்கு வந்த மரியாதை என்று நினைத்துத்தான் சாப்பிட்டேன்.

சனி, ஞாயிறு எங்கும் போகவில்லை. சுமதி எனக்கு வயிறு சரியில்லை என்று முடிவு செய்து தயிர்சாதம் போட்டாள். திங்கட்கிழமை தொழில்பேட்டைக்கு டாக்சியில் போய்ப் பழைய அலுவலகத்தைத் தேடினேன். அந்த இடத்தில் ஒரு டயர் கிடங்கு இருந்தது. வாசலில் நின்ற ஆம்பூர்க்காரர் ஒருவர், "யாரைத் தேடுறீங்கய்யா?" என்றார். இங்கே ஒரு அலுவலகம் இருந்தது, அதில் ஒரு அலுவலர் இருந்தார் என்றேன். "அவரு எப்படி, நல்லவரா?" என்று கேட்டார், பேச்சுக்கு.  அவரே, "ஆபீஸ்காரங்கல்ல, அப்படி இப்படித்தான் இருப்பாங்க" என்று முடித்துக்கொடுத்தார்.

செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு, கடையில் கூட்டம் இல்லாத நேரம், பாய் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"பாய், அந்தப் போனைப் பண்ணது நான்."

"எந்தப் போனு?"

"கருப்பையாவைப் பிடிச்சுக்குடுத்த போன்."

அவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். "மச்சினனுக்காக வந்தீகளா? அவன் அனுப்புனானா?"

"இல்ல பாய். அந்தத் தலையை எனக்குத் தரலைன்னு பண்ணேன்."

காரணம் இவ்வளவு அற்பமாக இருந்ததால்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். பெரிய காரணம் சொல்லியிருந்தால் பொய் என்று தள்ளியிருப்பார். வெகுநேரம் மேசையைத் துணியால் துடைத்தார். சுத்தமான மேசை. பிறகு கைபேசியை எடுத்து எண்ணைத் தட்டி, ஒலிபெருக்கியில் போட்டு, என் முன்னால் வைத்தார். "என்கிட்ட சொல்லி என்ன? அவர்ட்ட சொல்லுங்க."

ஜித்தாவில் அடுப்பு இரையும் சத்தம் கேட்டது. "பாய், அஸ்ஸலாமு அலைக்கும், என்ன இந்நேரத்துல?" என்றார் கருப்பையா. குரல் மாறவே இல்லை. நான் யார் என்று சொன்னேன். "சார்! நல்லா இருக்கீங்களா சார்? அம்மா சௌக்கியமா?" என் மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. அதைச் சொல்லி இரக்கம் வாங்கிவிடுவேனோ என்று பயந்து, சௌக்கியம் என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். போன் செய்தது, கையெழுத்து வாங்கியது, கண்டித்தது, எல்லாம்.

அங்கே அடுப்பை அணைத்தார்; இரைச்சல் நின்றது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே சார்" என்றார் கடைசியில். "தலையை ரெண்டாப் பொளந்து ஆளுக்குப் பாதியாக் குடுத்திருப்பேனே."

நான் மன்னிக்கச் சொன்னேன். ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். பதினாறு வருஷமா முஸ்தபா பாயை நெனச்சு நெனச்சு வைஞ்சுக்கிட்டு இருந்தேன். எம் பொண்டாட்டி அவரு பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூத்தியிருக்கா. மொதல்ல அங்க போங்க. போய் அவர்ட்ட சொல்லுங்க." வைத்துவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இந்த முறை 'சார்' என்றும் சொல்லவில்லை.

நாலு கடை தூரம். முஸ்தபாவின் கஃப்டீரியாவுக்கு மேசை நாற்காலி கிடையாது. கார்கள் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும்; உள்ளேயிருந்து ஆள் ஓடிவந்து கேட்டுக்கொண்டு போய் கடக் டீ கொண்டுவந்து கொடுப்பார். திருச்சியில் ஒரு டீக்கடை முன்னால் அப்படி ஹாரன் அடித்தால் டீக்குப் பதில் வேறு ஏதாவது கிடைக்கும். எனக்குக் கார் இல்லை. ஹாரன் இல்லாத வாடிக்கையாளரை அங்கே யாரும் கவனிக்கவில்லை. பதினைந்து நிமிடம் நின்றேன்.

முஸ்தபாவே பார்த்துவிட்டார். "என்ன சார், பாய் கடையில டீ தீந்துபோச்சா?"

சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

அவர் கேட்டுக்கொண்டே டீயை ஆற்றினார். ஆற்றி முடித்தும் ஆற்றிக்கொண்டிருந்தார். "குர்ஆன் மேல சத்தியம் பண்ணேன் சார், நான் இல்லைன்னு. எங்க லாத்தா கால்ல விழுந்து சொன்னேன். கூடப்பொறந்தவ, அவளே நம்பல. உம்மா மவுத்துக்குப் போனப்ப மச்சான் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். இப்ப நீங்க டூர் வந்த இடத்துல வந்து, நான்தான்னு சொல்லிட்டுப் போறீக."

"பாய்கிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"மேசையைத் தொடச்சாரு."

அவருக்குச் சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவருக்குக் கோவம்னா தொடைப்பாரு" என்றார். பிறகு டீயை என் கையில் கொடுத்தார். "குடிச்சுட்டுப் போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீக. நான் மச்சான் கடைக்குத் தானாப் போகமாட்டேன். அவரு வந்து கூப்பிடணும். இது உங்க வேலை இல்ல."

குடித்தேன். வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சுமதியிடமும் சொன்னேன். அவள் அதிர்ச்சியடைவாள் என்று எதிர்பார்த்தேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். "நல்லவேளை" என்றாள். அன்று இரவு தயிர்சாதம்கூட இல்லை. பிரிஜ்ஜில் ரொட்டி இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். பாயின் கைபேசியில் பார்த்துக் குறித்துக்கொண்ட எண்ணில் புதனும் வியாழனும் கருப்பையாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. இதை எழுதும் இன்றுவரை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை திருச்சிக்கு விமானம். இனி இந்த வயதில் ஷார்ஜா வரப்போவதில்லை. மதியம் கடைசியாக ஒரு முறை பாய் கடைக்குப் போனேன். வாசலில் என்னைத் தடுப்பார்களோ என்று நினைத்தேன். யாரும் தடுக்கவில்லை. வரவேற்கவும் இல்லை. சுவரோரம் ஒரு மேசையில் உட்கார்ந்தேன்.

நடு மேசையில் முஸ்தபா இருந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, ஜும்மாவிலிருந்து நேரே வந்தவர்போல. மேசையைப் பார்த்தபடி, பெண் பார்க்க வந்த இடத்து மாப்பிள்ளைபோல விறைத்து உட்கார்ந்திருந்தார். பாய் போய்க் கூப்பிட்டிருக்கிறார். எப்போது, என்ன சொல்லி என்று எனக்குத் தெரியாது. கேட்கும் இடத்தில் நான் இல்லை.

வழக்கப்படி பார்த்தால் அன்று ஊருக்குப் போகிறவன் நான். இதை மனம் ஒருகணம் கணக்கிட்டது என்பதையும் மறைக்கப்போவதில்லை. எழுபத்திரண்டு வயதிலும் அதற்குப் புத்தி வரவில்லை.

அடுப்படியிலிருந்து பாயே தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பெரிய தலை, வாய் திறந்து, ஆணம் விளிம்பு வரை. என் மேசையைக் கடந்து போனார். முஸ்தபாவின் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றார். கையில் மேசை துடைக்கும் துணி.

முஸ்தபா ஒரு விரலால் ஆணத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார். கடையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உப்புக் கம்மி மச்சான்."

"பதினாறு வருஷமாக் கம்மிதான்" என்றார் பாய். "சொல்றதுக்குத்தான் ஆளு இல்ல." நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார்.

எனக்கு பஹதூர் வால் துண்டு கொண்டுவந்து வைத்தார். முள் அதிகம். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சாப்பிட்டேன். முஸ்தபா சொன்னது சரிதான். உப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. போன வாரமே எனக்குத் தெரிந்திருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை.